பின்சீட்டில் ஆள் இல்லாத படங்கள்

இந்த நாட்டுக்கு வந்த புதிதில், டண்டினொங்கில் நாங்கள் முதலில் வாடகைக்கு இருந்த தெருவில், வருடத்துக்கு ஒரு தடவை எல்லோரும் வேண்டாத சாமான்களை வாசலில் புல்லின்மேல் கொண்டுவந்து வைப்பார்கள். நகரசபை லொறி வந்து அள்ளிப் போகும் வரைக்கும் அதில் யார் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். எங்களுடைய முதல் கதிரைகள், மேசை, டி.வி. எல்லாம் அப்படி வந்தவை. டி.வி.க்குப் பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டி நிறையப் படத்தட்டுகளும் அவற்றைப் போடுகிற மெசினும் இருந்தன. சும்மா கிடைக்கிறது என்று குப்பையை எல்லாம் அள்ளக் கூடாது என்றார் என் கணவர். நான் அள்ளினேன். சும்மா கிடைப்பதை விட்டுவிட்டு வருகிற பழக்கம் எனக்கு இல்லை.

பெட்டியில் இருந்தவை பெரும்பாலும் ஒரே மாதிரிப் படங்கள். பழைய அமெரிக்கப் படங்கள், பாதிக்கு மேல் நான் பிறப்பதற்கு முன் எடுத்தவை. ஒரு கார், முடிவே தெரியாத ஒரு தெரு, இரண்டு பக்கமும் வெறும் காய்ந்த நிலம். ஒருவன் ஏதோ காரணத்துக்காக, சிலவேளை ஒரு காரணமும் இல்லாமல், பறந்துகொண்டு போகிறான். பின்னால் பொலிஸ் துரத்துகிறது. பெட்டிக்குச் சொந்தக்காரர் வேறு எதையும் பார்க்காத மனிதராக இருந்திருக்க வேண்டும். அவருக்கு இருந்த பைத்தியம் பெட்டியோடு சேர்ந்து எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது.

முதலில் நான் அவற்றைப் பார்த்ததற்குக் காரணம் மிகச் சாதாரணம். எனக்கு அப்போது ஆங்கிலத்தில் நாலைந்து சொல்தான் தெரியும். மற்றப் படங்களில் ஆட்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள், எனக்குத் தலை சுற்றும். இந்தப் படங்களில் பேச்சே குறைவு. கார் உறுமும், சில்லு கிரீச்சிடும், தூசி எழும்பும். யார் ஓடுகிறான், யார் துரத்துகிறான் என்று புரிந்துகொள்ள யாருக்கும் அகராதி தேவையில்லை. அகதியாக வந்தவளுக்கு அதில் சந்தேகமே வராது.

ஒரு படத்தில் பொலிஸார் தெருவுக்குக் குறுக்கே தடுப்புப் போட்டுத் துவக்கோடு நிற்கிறார்கள். வருகிறவன் வேகத்தைக் குறைக்கவில்லை. இனி வெடிச்சத்தம்தான் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பலகை உடைகிற சத்தம் மட்டும் கேட்டது. கண்ணைத் திறந்தால் அவன் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறான், பொலிஸார் தொப்பியைத் தூக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். படத்தைப் பின்னுக்கு இழுத்து மறுபடியும் போட்டேன். அன்றைக்கு அதை நாலு தடவை பார்த்தேன்.

மன்னாரில் நான் படித்த காலத்தில் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையில் மூன்று காவலரண்கள் இருந்தன. ஒவ்வொன்றும் வருவதற்கு வெகு முன்னாலேயே சைக்கிளை விட்டு இறங்கிவிட வேண்டும். உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும். அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும், கண் நிலத்தில் இருக்க வேண்டும். மழை பெய்தாலும் குடையை மடக்கிவிட வேண்டும். இறங்காமல் போனால் என்ன நடக்கும் என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. கேட்காமலே தெரியும்.

அதனால்தான் அந்த அமெரிக்கனை எனக்குப் பிடித்தது. அவன் நல்லவனா, கள்ளனா, எனக்கு அது தேவைப்படவில்லை. பெரிய பெரிய சொற்கள் சொல்லவும் எனக்குத் தெரியாது. அவன் இறங்கவில்லை. அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது, அந்தப் பயம் எனக்கு வேண்டியும் இருந்தது. இப்படி ஒரு பயம் இருக்கிறது என்று அதுவரை தெரியாது. எனக்குத் தெரிந்த பயத்தில் சந்தோசம் கலந்திருந்ததே இல்லை.

என் கணவருக்கு அந்தப் படங்களைக் கண்ணில் காட்டக் கூடாது. வேலையால் வந்தவுடன் டி.வி.யைப் பார்ப்பார், முகம் சுருங்கும்.

"இந்தக் கோதாரியை நிப்பாட்டு. பிள்ளை பாக்கிறாள்."

"படம்தானே? ஆரும் இஞ்ச ஓடேல்லயே."

"பாத்துப் பாத்துத்தான் புத்தி கெடுறது. நாங்கள் வந்த மாதிரிக்கு இதுகளைப் பாக்கிறதே பிழை."

நாங்கள் வந்த மாதிரி என்றால் படகில். மகளுக்கு அப்போது நாலு வயது. அவள் வாந்தி எடுத்ததும், என் மடியில் பிணம் மாதிரிக் கிடந்ததும் அவளுக்கு ஞாபகம் இல்லை, எனக்கு ஒன்றுமே மறக்கவில்லை. வந்து பன்னிரண்டு வருடம் ஆகியும் எங்களுக்குத் தற்காலிக விசாதான். முதல் விசா தந்தபோது ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். இந்த நாட்டில் எப்படி நடந்துகொள்வோம் என்று நாங்கள் கொடுத்த வாக்கு அது. அதற்கு விளக்கம் சொன்ன சட்டத்தரணி, நீதிமன்றம் தண்டிக்க வேண்டும் என்றுகூட இல்லை, பொலிஸ் ஒரு குற்றச்சாட்டு எழுதினாலே விசாவில் கை வைக்கலாம் என்றார். கை வைத்தால் தடுப்பு முகாம், அதற்குப் பிறகு ஊருக்கு விமானம். என் கணவர் அன்றிலிருந்து தெருவைக் கடப்பதற்குக்கூடப் சிக்னலில் பச்சை மனிதன் எரியும் வரைக்கும் நிற்பார், இரண்டு பக்கமும் ஒரு வாகனம் வராவிட்டாலும்.

அவர் லைசன்ஸ் எடுக்கவே இல்லை. எடுத்தால் ஓட வேண்டும், ஓடினால் பிழை விட வேண்டி வரும் என்பது அவருடைய கணக்கு. நான் எடுத்தேன், எனக்கு வேறு வழி இல்லை. கிரான்பர்னுக்கு வீடு மாறிய பிறகு, அங்கே தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற கீரை பொதி செய்கிற தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அந்தப் பக்கம் பஸ் போகாது. ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினோம். கார் ஓடத் தெரிந்த முதல் நாள் தனியாக ஒரு நேர்த்தெருவில் போனபோது, வாயால் உறுமல் சத்தம் போட்டுப் பார்த்தேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். வேகம் நாற்பத்தைந்து.

கணவர் பக்கத்தில் இருந்தால் உறுமலும் கிடையாது. முன்தெருவைப் பார்க்காமல் என்னுடைய வேகமுள்ளையே பார்த்துக்கொண்டு வருவார். "அம்பத்தெட்டு. அம்பத்தொன்பது. குறை, குறை." எண்பது போட்டிருக்கிற தெருவிலும் அறுபதைத் தாண்டினால் அவருக்கு மூச்சு வாங்கும். பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள், சிலர் விரலைக் காட்டிவிட்டுப் போவார்கள். அவர்கள் விரல் காட்டுவதால் எங்கள் விசா பறிபோகாது என்பார் இவர்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானமும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தோம். குளிர்காலம், வெயில் இருந்தும் சூடில்லை. டண்டினொங்கில் அரிசியும் மீனும் வாங்கிக்கொண்டு கிரான்பர்ன் போகிற பெருந்தெருவில் ஏறியிருந்தோம். கணவர் பக்கத்தில். மகள் பின்சீட்டில், காதில் பாட்டு. பதினாறு வயது, அவள் எங்களோடு காரில் வருவதே எங்களுக்குச் செய்கிற உபகாரம். நான் ஐம்பத்தைந்தில் போய்க்கொண்டிருந்தேன்.

பின்னால் சைரன் கேட்டது. கண்ணாடியில் பார்த்தால் நீலமும் சிவப்புமாக வெளிச்சம் சுற்றுகிறது.

அடுத்து நான் செய்தது யோசித்துச் செய்த காரியம் இல்லை. எங்கள் ஊரில் ஆமி வாகனங்கள் கொன்வோயாக வரிசையில் வரும்போது முன்னால் மோட்டார் சைக்கிள்காரர் விசில் ஊதிக்கொண்டு வருவார்கள். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் பெருந்தெருவில் ஓர் ஆளும் நிற்கக் கூடாது. ஓரம் கட்டுவது போதாது. தெருவை விட்டே இறங்கி, கிடைக்கிற ஒழுங்கைக்குள் போய்விட வேண்டும். போய், எஞ்சினை நிறுத்தி, அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்காமல் நிற்க வேண்டும். கடைசி வாகனம் போன பிறகுதான் தலையை நிமிர்த்தலாம். இதை எனக்கு யாரும் பாடமாகச் சொல்லித் தந்ததில்லை. கண் சிமிட்டுவதுபோல உடம்பு செய்துகொள்ளும்.

இடது பக்கம் முதலில் வந்த தெருவில் திருப்பினேன். போகட்டும் என்று மூச்சு விட்டேன். பொலிஸ் காரும் திரும்பியது.

"இஞ்சாலதான் போகினம்போல. வழிய விடு, வழிய விடு," என்றார் கணவர்.

அடுத்த தெருவில் வலது பக்கம் திருப்பினேன். அவர்களும் திருப்பினார்கள். ஒரு சின்ன ரவுண்டபவுட் வந்தது. அதில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் அவர்கள் நேரே போய்விடுவார்கள் என்று நினைத்தேன். சுற்றினேன். அவர்களும் என் பின்னால் சுற்றினார்கள். காரைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு மனிதர் குழாயைக் கையில் பிடித்தபடி எங்களையே பார்த்தார், தண்ணீர் அவர் காலில் கொட்டிக்கொண்டிருந்தது. நான் முப்பதில் போனேன். பின்னால் சைரன் போட்டபடி அவர்களும் முப்பதில் வந்தார்கள்.

துரத்தப்படுகிறேன் என்பது அப்போதும் எனக்குத் தெரியாது. துரத்தலுக்கு ஓட வேண்டும் அல்லவா? நான் ஓடவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு பணிவாக நான் எதையும் செய்ததில்லை. அவர்களுடைய வழியில் நிற்கக் கூடாது, அது ஒன்றுதான் மனதில் இருந்தது. இன்னொரு தடவை திருப்பினேன். அது வழியில்லாத தெரு. வட்டமாக ஆறு வீடு, அதோடு முடிகிறது. இனித் தெருவில் நின்றால் அவர்களுக்கு இடைஞ்சல் என்று, முன்னால் இருந்த யாரோ ஒருவருடைய வீட்டு முற்றத்துக்குள் காரை விட்டு எஞ்சினை நிறுத்தினேன்.

பொலிஸ் கார் வந்து எங்களுக்குப் பின்னால் குறுக்கே நின்றது.

மகள் காதிலிருந்ததைப் பிடுங்கினாள். "அம்மா, வட் ஆர் யூ டூயிங்? எங்களைத்தான் நிப்பாட்டச் சொல்லுறாங்கள்."

அப்போதுதான் எல்லாம் திரும்பி வந்து முகத்தில் அடித்தது. பொலிஸ் நிற்கச் சொல்லியிருக்கிறது, நான் நாலு தெரு ஓடியிருக்கிறேன். பொலிஸ் துரத்தியும் நிற்காதவள். அதற்கு இந்த நாட்டில் பெயர் இருக்கிறது, தனிச் சட்டம் இருக்கிறது, அது வேகமாகப் போனதற்கு எழுதுகிற தண்டத் துண்டு இல்லை. குற்றச்சாட்டு. சட்டத்தரணி சொன்ன அதே சொல். பின்சீட்டில் இருக்கிற பிள்ளைக்கும் என் விசாதான் விசா. நாலு வயதில் மடியில் தூக்கிக்கொண்டு வந்தவளைத் திரும்பவும் கொண்டுபோகப் போகிறேனா என்று மனம் கேட்டது. அழுகைகூட வரவில்லை, அவ்வளவு பயம்.

அந்த நேரத்தில்தான், வேறு நேரமே கிடைக்கவில்லையா என்பதுபோல, எனக்கு அந்தப் படங்கள் விளங்கின. எத்தனை பார்த்திருப்பேன். ஒன்றிலும் காரின் பின்சீட்டில் பிள்ளை இருந்ததில்லை. அரிசி மூட்டை இருந்ததில்லை. வேகத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு மனுசன் இருந்ததில்லை. அவன் ஒற்றை ஆள். என்ன செய்தாலும் அவனை அடைப்பார்கள், சுடுவார்கள், அதற்கு மேல் ஒன்றும் முடியாது. விமானத்தில் ஏற்றி நாட்டை விட்டு அனுப்ப முடியாது. அது அவனுடைய நாடு, அவனுடைய தெரு. அவன் நிற்காமல் போனதை நான் துணிவு என்று நினைத்திருந்தேன். முழுக்கத் துணிவு இல்லை, இருக்க இடம் இருப்பவனுக்கு வருகிற தெனாவெட்டும் அதில் பாதி.

கணவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டார். தொப்பியைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி பொலிஸாரை நோக்கி நடந்தார். நானும் இறங்கினேன். காரை மறித்தால் இறங்க வேண்டும், எங்களுக்கு அப்படித்தான் தெரியும்.

பொலிஸார் இரண்டு பேர். ஓர் இளம் ஆண், நடுவயதுப் பெண் ஒருத்தி. இந்த ஊரில் பொலிஸ் நிறுத்தினால் காருக்குள்ளேயே இருக்க வேண்டுமாம், இறங்கி நடந்து வருகிறவனைக் கண்டால் அவர்களுக்குப் பயமாம். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த இளைஞன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்தினான். அவன் கத்தக் கத்தக் கணவர் அட்டையை இன்னும் உயர்த்திப் பிடித்தார். நடப்பதை நிறுத்தவில்லை.

"டாட், நில்லுங்கோ. அசையாதீங்கோ. அம்மா, நீங்களும்," என்றாள் மகள். அவள் கண்ணாடியை இறக்கி, இரண்டு கையையும் வெளியே தெரிகிற மாதிரி நீட்டி, சீட்டில் இருந்தபடியே பொலிஸாரோடு பேசத் தொடங்கினாள். அவளுடைய ஆங்கிலம் அவர்களுடைய ஆங்கிலம்தான். இளைஞனின் தோள் கொஞ்சம் இறங்கியது.

எண்பது போட்டிருக்கிற தெருவில் ஐம்பத்தைந்தில் போனதால் குடித்திருக்கிறேனோ என்றுதான் முதலில் நிறுத்தப் பார்த்தார்களாம். ஒரு குழாயை ஊதச் சொன்னார்கள். மூச்சு வரவில்லை, மூன்று தடவை ஊதினேன். ஒன்றும் இல்லை என்று வந்தது. அது இன்னும் மோசமானது. குடிக்காதவள் ஏன் ஓட வேண்டும்? இளைஞன் கையில் இருந்த கருவியில் என் லைசன்ஸைப் பார்த்துப் பார்த்து எதையோ பதிந்துகொண்டிருந்தான். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்து, ஏன் நிற்கவில்லை என்று மகளிடம் கேட்டாள்.

"ஏன் அம்மா ஓடினீங்கள்?"

"ஓடேல்ல பிள்ளை. வழி விட்டனான்."

அவள் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். இளைஞன் தலையை ஆட்டினான், நம்பாத ஆட்டம். வழி விடுவதற்கு நாலு தெரு எதற்கு என்று கேட்டான். எங்கிருந்து தொடங்குவது?

கணவர்தான் தொடங்கினார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு, தமிழில், மகளுக்கு.

"கொன்வோய் வந்தா றோட்டில நிக்கக் கூடாது பிள்ளை. சொல்லு அவைக்கு. உள்ளுக்குப் போயிட வேணும். உன்ர பெரியப்பா போகேல்ல."

மகள் அவரைப் பார்த்தாள். எங்கள் வீட்டுச் சுவரில் பெரியப்பாவின் படம் இருக்கிறது. விபத்தில் போனவர் என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தோம்.

"அவர் லான்ட்மாஸ்டர் உழவு மெசினில பெட்டி கொழுவி ஓடிக்கொண்டு வந்தவர். அந்த மெசின்ர சத்தத்தில விசில் கேக்கேல்ல. நான் பின்னால பெட்டியில இருந்தனான். எனக்குக் கேட்டது. நான் கத்தினனான். அவருக்கு அதுவும் கேக்கேல்ல."

"டாட்."

"சொல்லு அவைக்கு. சுட்டவங்கள். நிப்பாட்டாமலே சுட்டுப்போட்டுப் போனவங்கள்."

எனக்குக் கல்யாணமாகி இருபது வருடம். அந்த லான்ட்மாஸ்டர் பெட்டிக்குள் இவரும் இருந்தார் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். மகள் பொலிஸ்காரியின் பக்கம் திரும்பி, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரலில், ஒவ்வொரு வசனமாக ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரு சொல்லும் விடவில்லை என்று நினைக்கிறேன். கடைசி வசனத்தில் மட்டும் குரல் உடைந்தது. அதை மறுபடி தொடக்கத்திலிருந்து சொன்னாள்.

அந்தப் பெண் இளைஞனைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசினாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கணவர் அட்டையை இன்னும் நெஞ்சில் பிடித்துக்கொண்டே நின்றார். நான் தெரிந்த மாதா மன்றாட்டையெல்லாம் சொல்லப் பார்த்தேன், எல்லாம் பாதியில் நின்றது. மகள் வயது என்ன, இன்னும் எத்தனை மாதத்தில் பரீட்சை, கூட்டிக்கொண்டு போனால் புத்தகங்களை எடுக்க விடுவார்களா என்று மனம் பைத்தியக்காரத்தனமாக அடுக்கிக்கொண்டு போனது.

அவள் திரும்பி வந்து மகளிடம் சொன்னாள். குற்றச்சாட்டு இல்லை. எச்சரிக்கை மட்டும். இனிமேல் சைரன் கேட்டால் இடது பக்கம் ஓரமாக நிறுத்தி, உள்ளேயே இருக்கச் சொன்னாள். அம்மாவின் கை நடுங்குகிறது, இந்தக் கையோடு தனியாக ஓடுவது சரியில்லை, நாங்கள் வீடு வரைக்கும் பின்னால் வருகிறோம் என்றும் சொன்னாள். நல்ல மனுசி. எங்களுக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தாள்.

கிரான்பர்ன் வரைக்கும் இருபது நிமிடம். கண்ணாடியில் முழு வழியும் பொலிஸ் கார். கணவர் வேகத்தைச் சொல்லவில்லை. எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது, வீட்டைக் காட்டாமல் தாண்டிப் போய்விடலாமா என்று உண்மையாகவே யோசித்தேன். போக முடியவில்லை. வாசலில் நிறுத்தினேன். அவர்களும் பின்னால் நிறுத்தினார்கள். எதிர்வீட்டுத் திரை விலகியது.

"வீடும் தெரிஞ்சு போச்சு," என்றார் கணவர்.

"லைசன்ஸிலயே அட்ரஸ் இருக்குது, டாட்," என்றாள் மகள். லைசன்ஸில் இருக்கிறது எனக்கும் தெரியும். ஆனால் கூட்டிக்கொண்டு வந்து வீட்டைக் காட்டிக் கொடுத்தது நான்.

பொலிஸ் கார் மெதுவாக எங்களைத் தாண்டிப் போனது. அந்தப் பெண் கண்ணாடியை இறக்கி, சிரித்து, கை காட்டினாள். பின்சீட்டிலிருந்து மகளும் சிரித்துக்கொண்டு கையை உயர்த்தி ஆட்டினாள். அவள் இங்கே வளர்ந்தவள், உதவி செய்தவர்களுக்குக் கை காட்டுவாள். நான் பின்னால் எட்டி அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டேன். என் கை என்னைக் கேட்காமல் செய்தது.

வேறு நாளென்றால் சண்டைக்கு வந்திருப்பாள். என்ன அம்மா இது, விடுங்கோ என்று கத்தியிருப்பாள். அன்றைக்கு என் முகத்தைப் பார்த்தாள், அப்பாவின் பிடரியைப் பார்த்தாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கார் தெருமுனையில் திரும்பி மறையும் வரைக்கும் தலையைக் குனிந்தபடி இருந்தாள். அவளுக்கு அதை நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை.